மிளகு கப்பலேறியது, கொடி ஏறவில்லை: பழைய வணிகப் பாதைகளும் உணவுப் பயிர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் பதில் நாலா திசையிலிருந்தும் வரும். ஒன்று நியூகினி என்கும், இன்னொன்று எத்தியோப்பியா என்கும், மற்றொன்று நடு ஆசியாவின் தியான் ஷான் மலை என்கும். இவையெல்லாம் எப்படி இடம் மாறின என்று பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

பழைய வணிகப் பாதை என்றால் பட்டுப்பாதைதானே?

அதுவும் ஒன்று, அவ்வளவுதான். 'பட்டுப்பாதை' என்ற பெயரே ரொம்பப் பழசில்லை. ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1877இல் எழுதியதிலிருந்துதான் அது பரவியது. அந்த வழியில் ஒட்டகம் ஓட்டியவர்களுக்கு அப்படியொரு பெயர் தெரியாது. அது ஒரே சாலையும் அல்ல. பாலைவனச் சோலைகளையும் மலைக் கணவாய்களையும் தொட்டுத் தொட்டுப் போன பல தடங்கள். சீனாவில் மூட்டை கட்டியவரே அதை ரோமில் இறக்கினார் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சந்தையில் ஒரு கை, அடுத்த சந்தையில் வேறு கை என்று மாறி மாறித்தான் சரக்கு போனது.

பயிர்களைப் பொறுத்தவரை கடல்வழிகளுக்கும் இதே அளவு பங்கு உண்டு. செங்கடலிலிருந்து இந்தியக் கரை, இந்தியக் கரையிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகள், அங்கிருந்து மடகாஸ்கர் என்று பெரிய வலைப்பின்னலே இருந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்குள்ளும் தனியாக ஒரு வணிகம் நடந்துகொண்டிருந்தது. இன்றைய நியூ மெக்சிகோவிலுள்ள சாக்கோ கன்யனில், 11ஆம் நூற்றாண்டையொட்டிய மண்குவளைகளில் கொக்கோவின் தடயம் கிடைத்தது. கொக்கோ விளையும் மண்ணோ அங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. கொலம்பஸ் பிறப்பதற்குப் பல தலைமுறைகள் முன்னால் நடந்த கதை இது.

உணவு பயணம் போவதும் பயிர் பயணம் போவதும் ஒன்றுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சரக்கு வேறு, விதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல தவறான கதைகள் பிறக்கின்றன.

மிளகையே எடுத்துக்கொள்வோம். எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸ் கி.மு. 1213இல் இறந்தான். அவன் பதப்படுத்திய உடலின் மூக்குத் துவாரங்களில் மிளகு மணிகள் இருந்தன. மிளகுக்கொடியின் தாயகமோ இந்தியாவின் மேற்குக் கரை மலைகள். சுமார் 1,300 ஆண்டு கழித்து, எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோவில் முற்றத்தின் தரையில் இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஜாடியைப் புதைத்து வைத்திருந்தார்கள். அகழ்வாளர்கள் அதைத் திறந்தபோது உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு. அதே காலத்தில்தான் முசிறித் துறைமுகத்தை 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு பாடுகிறது. கறி என்றால் மிளகு. யவனர் கப்பல் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிக்கொண்டு போகிறது. கி.பி. 408இல் விசிகோத் மன்னன் அலரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு டன்!

இவ்வளவு மிளகு போயும், மத்தியதரைக் கடல் நாடுகளில் மிளகு ஒரு பயிராக வேரூன்றவே இல்லை. காரணம் எளிது. பச்சையாகப் பறித்து வெயிலில் காயவைத்த மிளகு பெரும்பாலும் முளைக்காது. கொடியைத் துண்டு வெட்டி நட்டாலும் அதற்கு ஈரமான வெப்பமும், படர மரமும், நல்ல மழையும் வேண்டும். உறைபனி பட்டால் அதோடு சரி. அதனால் மேற்கே போனது மணி மட்டும்தான். கிழக்கே கதை வேறு. சுமத்ராவும் ஜாவாவும் தட்பவெப்பத்தில் ஒத்துப்போனதால் அங்கே கொடியே குடியேறிவிட்டது.

ஒரு பயிர் புது ஊரில் நிலைக்க வேண்டுமானால் உயிருள்ள விதையோ கன்றோ போய்ச் சேர வேண்டும். அங்குள்ள மழையும் பகல் நீளமும் அதற்குப் பொருந்த வேண்டும். அப்புறம், அதை எப்படி விதைப்பது, எப்போது அறுப்பது, எப்படிச் சமைப்பது என்று தெரிந்த ஒருவரும் கூடவே போக வேண்டும். இந்த மூன்றாவதை வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது.

மிக நெடுந்தூரம் போன பழைய பயிர்கள் எவை?

பனிவரகும் கோதுமையும். பட்டுப்பாதை என்று சொல்லப்படும் காலத்துக்கு 2,000 ஆண்டு முன்பே இவை இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பக்கமாகக் கடந்துவிட்டன.

பனிவரகின் தாயகம் வட சீனா. கோதுமையும் வாற்கோதுமையும் மேற்காசியாவில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிரானவை. இன்றைய கஜகஸ்தானின் தென்கிழக்கில் பெகாஷ் என்ற இடம் இருக்கிறது. மேய்ச்சல்காரர்கள் குளிர்காலத்துக்கு வந்து தங்கிய ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கே கி.மு. 2300-2200 அளவிலான ஒரு ஈமக்குழியில் கருகிய கோதுமையும் கருகிய பனிவரகும் ஒன்றாகக் கிடைத்தன. கிழக்கின் தானியமும் மேற்கின் தானியமும் ஒரே குழியில்! அந்த மக்கள் பெரிய வணிகர்கள் இல்லை. ஆடுமாடுகளோடு மலைச்சரிவில் ஏறி இறங்கி வாழ்ந்தவர்கள். கோடையில் உயர்ந்த மேய்ச்சல் நிலத்தில் அடுத்த பள்ளத்தாக்குக்காரர்களைச் சந்திப்பார்கள். கைப்பிடி தானியம் கை மாறும். அப்படிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத்தான் ஆசியாவையே கடந்தது.

பனிவரகு இதற்குத் தோதான பயிர். இரண்டு, மூன்று மாதத்தில் விளைந்துவிடும், தண்ணீரும் அதிகம் கேட்காது. நாடோடியாக அலைபவர்கூட ஓரிடத்தில் தூவிவிட்டு, திரும்பி வரும்போது அறுத்துக்கொள்ளலாம். வாற்கோதுமையின் பலம் வேறு: குளிரைத் தாங்கும். கி.மு. 1600க்குப் பிறகு திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கு மேலே மக்கள் ஆண்டு முழுவதும் தங்கி வாழ முடிந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

இதில் இன்னொரு அழகு உண்டு. தானியம் போன இடத்துக்கெல்லாம் அடுப்பு போகவில்லை. மேற்கே கோதுமையை அரைத்து மாவாக்கிச் சுட்டார்கள். சீனாவிலோ வேகவைப்பதும் ஆவியில் அவிப்பதும்தான் பழக்கம். அதனால் கோதுமையையும் முதலில் அரிசிபோல முழுமணியாகவே வேகவைத்தார்கள். அதற்கு வசதியாகக் கிழக்கே போகப் போக மணியும் சிறுத்தது. மாவரைக்கும் கல் பரவலாக வந்தபிறகும் ரொட்டி சுடும் பக்கம் அவர்கள் போகவில்லை. மாவையும் நீரிலும் ஆவியிலும்தான் போட்டார்கள். சீனாவின் வடமேற்கிலுள்ள துர்பான் பாலைவனத்தின் அஸ்தானா கல்லறைகளில், 7-8ஆம் நூற்றாண்டில் பிடித்த மாவுக்கொழுக்கட்டைகள் காய்ந்து, வடிவம் மாறாமல் கிடைத்திருக்கின்றன. மடித்த விளிம்புகூடத் தெரிகிறது. இறந்தவருக்காக யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்திருக்கிறார்கள்.

கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையா?

ஆமாம், மூன்றுமே. சோளம் கிழக்கு சூடானில் கி.மு. 3000 அளவில் பயிராகத் தொடங்கியது. கம்பு மாலி நாட்டுப் பகுதியில் கி.மு. 2500ஐ ஒட்டி. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டுப் பயிர். கூடவே தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் இவை இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து சேர ஆரம்பித்துவிட்டன. எழுதி வைத்த வணிக ஒப்பந்தம் எதுவும் அந்தக் காலத்துக்கு இல்லை. அரபுக் கரையோரமாகச் சின்னப் படகுகளில், மீனவரும் சிறு வணிகரும் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

இவை மளமளவென்று பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கோதுமையும் வாற்கோதுமையும் குளிர்காலப் பயிர்கள். கோடை மழையை நம்பிய வறண்ட நிலங்களுக்கு அவை ஒத்துவராது. ஆப்பிரிக்கச் சிறுதானியங்களோ கோடை மழைக்கே பிறந்தவை. அங்கே ஏற்கெனவே தினை, சாமை போன்றவற்றை விதைத்துப் பழகிய விவசாயிக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை. கையில் இருந்த தொழிலுக்குள்ளேயே புது விதை புகுந்துகொண்டது.

நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய உணவு இன்று எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் சமையலில் நடந்த சின்ன விபத்துகளால். பச்சைத் தானியம் மண்ணில் மக்கிவிடும். அடுப்பில் சிந்திக் கருகிய மணி மட்டும் கரியாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும்.

அதை எடுக்கும் முறை ரொம்ப எளிமை. பழைய அடுப்படி மண்ணை அள்ளித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு மெல்லக் கலக்குவார்கள். மண் அடியில் தங்கும், கரி மிதக்கும். மிதப்பதை மெல்லிய வலைத்துணியில் வடித்து, நிழலில் காயவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் பார்ப்பார்கள். கடுகு அளவே உள்ள கரித்துணுக்கில் உமி ஒட்டியிருந்த தழும்பு தெரியும், முளை இருந்த குழி தெரியும். அந்த மணி காட்டுப் புல்லா, பயிரா என்பதைக்கூட அது கதிரிலிருந்து கழன்ற இடத்தை வைத்துச் சொல்லலாம். காட்டுக்கதிர் தானாக உதிரும், காம்புத் தழும்பு வழவழவென்று இருக்கும். பயிரான கதிரை அடித்துத்தான் உதிர்க்க வேண்டும், அதனால் தழும்பு பிய்ந்திருக்கும்.

வாழை, சேனை போன்றவற்றுக்குக் கருகும் மணி இல்லை. அவற்றுக்கு, இலைக்குள் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்களும் பாத்திரத்தில் ஒட்டிய மாவுச்சத்தும் சாட்சி. எலும்பும் பேசும். சிறுதானியமும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை, அரிசியும் கோதுமையும் எடுக்கும் முறையிலிருந்து மாறுபட்டது. அந்த வேறுபாடு சாப்பிட்டவரின் எலும்பில் பதிந்துவிடும். அப்புறம் மரபணு, அப்புறம் சொற்கள். சொற்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கப்பலில் செடிகளையும் கொண்டு போனார்களா?

கொண்டு போனார்கள். அதுவும், விற்பதற்காக இல்லை, சாப்பிடுவதற்காக.

14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா சீனக் கப்பல்களைப் பற்றி எழுதும்போது, மாலுமிகளின் பிள்ளைகள் கப்பலிலேயே வளர்வதையும், அவர்கள் மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிடுவதையும் குறிப்பிடுகிறார். ஒரு மரத்தொட்டி இஞ்சிதான்! ஆனால் இஞ்சி விதையால் பரவும் பயிர் அல்ல. கிழங்கைப் புதைத்தால்தான் வரும். அப்படியிருக்க, கடல் கடந்து அதைப் பரப்பியதில் இதுபோன்ற தொட்டிகளுக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பருவக்காற்றும் இதற்குத் துணை செய்தது. எகிப்திலிருந்து கப்பல்கள் ஜூலை வாக்கில் கிளம்பி, தென்மேற்குக் காற்றில் இந்தியக் கரைக்கு வரும். வடகிழக்குக் காற்று எழும்பும்வரை திரும்ப முடியாது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ காலத்தில் எகிப்தின் மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின. அத்தனை பேரும் மாதக்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். தங்கினால் சமைக்க வேண்டும். சமைத்தால் தன் ஊர் ருசி வேண்டும். பெரெனிகேயில் அரிசி, பாசிப்பயறு, தேங்காய் ஆகியவற்றின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியாவது அங்கே தங்கியிருந்த இந்தியர்களின் சாப்பாடாக இருக்கலாம்.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு', இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன சரக்குகளைப் பட்டியலிடுகிறது: கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித்துணி, 'சக்கரி என்னும் நாணல் தேன்'. வணிகம் என்றதும் முத்தும் பட்டும் நினைவுக்கு வரும். இங்கே பாருங்கள், வெறும் மளிகைச் சாமான்!

விதையே இல்லாத வாழை எப்படிக் கடல் தாண்டியது?

பக்கக்கன்றாக. காட்டுவாழையில் கல்போல விதை நிறைந்திருக்கும். விதை இல்லாத பழம் தற்செயலாகத் தோன்ற, மனிதர்கள் அதன் கன்றைப் பிரித்துப் பிரித்து நட்டார்கள். நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை வளர்த்த தடயம் உண்டு. அதாவது உலகில் எந்த இடத்தில் உண்ணும் வாழை இருந்தாலும், யாரோ ஒருவர் மண் ஒட்டிய கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே வந்திருக்கிறார் என்று பொருள். காற்றும் பறவையும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டம் மடகாஸ்கரில் இன்றும் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாலும், அங்கே பேசும் மலகாசி மொழியின் நெருங்கிய உறவு போர்னியோத் தீவின் மொழிகளோடுதான். மடகாஸ்கரிலும் கொமொரோஸ் தீவுகளிலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான குடியிருப்புகளில் ஆசிய நெல்லும் பாசிப்பயறும் கிடைத்திருக்கின்றன. அதே காலத்து ஆப்பிரிக்கப் பெருநிலக் கரையில் சோளமும் கம்பும்தான் மேலோங்கியிருந்தன. சுமார் 6,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்தும், தங்கள் பயிரை அவர்கள் விடவில்லை.

தேங்காய்தான் மிதக்குமே, அதற்கு மனிதர் எதற்கு என்று கேட்பார்கள். மிதக்கும்தான். ஆனால் 2011இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில், தென்னையில் பசிபிக் வகை, இந்தியப் பெருங்கடல் வகை என்று இரண்டு பெரிய குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. மடகாஸ்கர் பக்கத்தில் மட்டும் இரண்டும் கலந்திருக்கின்றன. அந்தப் படகுகள் போன வழி தென்னைக்குள்ளும் எழுதியிருக்கிறது.

சர்க்கரையின் கதை என்ன?

கரும்பும் நியூகினியில் பயிரானதுதான். அங்கிருந்து ஆசியாவுக்கு வந்து, இந்தியாவில் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இந்தியாவில் இருக்கிறது என்று வியந்தான். சாறு இரண்டே நாளில் புளித்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. அதைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தை கி.பி. முதல் நூற்றாண்டுகளில் இந்தியாவில் கைவந்தது. சாறு சரக்கானது அப்போதுதான்.

கி.பி. 647இல் சீனப் பேரரசர் தைசோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். கரும்பு சீனாவில் ஏற்கெனவே இருந்தது. செடி இருந்தது, தொழில் இல்லை. தொழில் தெரிந்த மனிதரைத் தேடித்தான் தூதர்கள் போனார்கள். மேற்கே அரபு நாடுகள் வழியாகக் கரும்பும் ஆலையும் எகிப்து, சிசிலி, ஸ்பெயின் என்று நகர்ந்தன.

தமிழில் இந்தப் பயணம் அப்படியே நிற்கிறது. சர்க்கரை, 'சர்க்கரா' என்ற வடசொல்லின் வழி வந்தது. அதுவே அரபியில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. சீனி என்று சொல்லும்போது சீனாவின் பெயரைச் சொல்கிறோம். இந்தியில் கற்கண்டுக்கு 'மிஸ்ரி' என்று பெயர். மிஸ்ர் என்றால் எகிப்து. படிப்பித்த நாட்டுக்கே, நன்றாகத் துலக்கிய வெள்ளைச் சர்க்கரை திரும்பி வந்தபோது, வந்த ஊரின் பெயரையும் கொண்டு வந்தது.

இதோடு கதையை முடித்தால் அது பொய்யாகிவிடும். கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குக் கரும்பைக் கொண்டு போனார். அடுத்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்க மக்கள் அட்லாண்டிக் கடலில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினர் போய்ச் சேர்ந்தது கரும்பு விளையும் பகுதிகளுக்குத்தான். சர்க்கரை மலிவானது அவர்கள் முதுகில். அதே மக்கள் வழியாகத்தான் ஆப்பிரிக்க நெல்லும் வெண்டையும் தட்டைப்பயறும் அமெரிக்காவில் கால் ஊன்றின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆப்பிள், பீச், திராட்சை எல்லாம் பட்டுப்பாதை வழியாகப் போனவையா?

ஆப்பிளின் முன்னோர் தியான் ஷான் மலைச்சரிவுகளில் இன்றும் காடாக நிற்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் வழியில் ஐரோப்பியக் காட்டு ஆப்பிளோடு கலந்து இன்றைய பழம் உருவானதை 2017இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ஆப்பிளில் ஒரு சிக்கல் உண்டு: விதை போட்டால் தாய்மரத்தின் பழம் வராது. நல்ல பழம் வேண்டுமென்றால் கிளையை ஒட்டுக்கட்ட வேண்டும். ஆகவே பழத்தைத் தின்று விதையைத் துப்பிய வழிப்போக்கர்கள் கலப்பினங்களை உண்டாக்கினார்கள். ஒட்டுக்கட்டத் தெரிந்த தோட்டக்காரர்கள் அவற்றில் நல்லதைப் பிடித்து நிறுத்தினார்கள்.

பீச் சீனப் பழம். பாரசீகம் வழியாக வந்ததால் ரோமர்கள் அதைப் 'பாரசீகப் பழம்' என்றார்கள். பசலையில் இதே கதை தலைகீழாக நடந்தது. பாரசீகத்தில் தோன்றிய ஐரோப்பியப் பசலைக்கீரை நேபாள மன்னரின் காணிக்கையாகச் சீன அரசவைக்குப் போய், 'பாரசீகக் கீரை' ஆனது. அந்த ஆண்டும் 647தான்! சர்க்கரைத் தூதர்கள் மகதம் போன அதே ஆண்டு.

திராட்சையை நடு ஆசியாவின் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கிலிருந்து சீனாவுக்குக் கொண்டுவந்தவர் ஜாங் சியான் என்ற சீனத் தூதர் என்று சொல்வார்கள். பழைய சீன வரலாற்று நூலின்படி, அவருக்குப் பின்னால் போன ஹான் பேரரசின் தூதர்களே திராட்சை விதையும் குதிரைமசால் விதையும் கொண்டுவந்தவர்கள். குதிரைமசால் எதற்கு? ஃபெர்கானாவிலிருந்து வாங்கிய உயர்சாதிக் குதிரைகளுக்குத் தீவனம் வேண்டுமே. பிற்காலத்தில் வெள்ளரி, எள், அக்ரூட் என்று மேற்கிலிருந்து வந்த எல்லாவற்றையும் ஜாங் சியான் கணக்கில் எழுதிவிட்டார்கள். பெயர் தெரியாத நூறு பேர் செய்ததைப் பெயர் தெரிந்த ஒருவர்மேல் ஏற்றிவைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

புதுப் பயிரை விவசாயிகள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

நெருக்கடி வந்தால் சீக்கிரம். சம்பா நாடு இன்றைய நடு வியட்நாம். அங்கே வறட்சி தாங்கி, சுமார் 100 நாளில் விளையும் நெல் ஒன்று இருந்தது. வணிகர்கள் வழியாக அது தென்சீனாவின் ஃபூஜியன் பகுதிக்கு வந்து அங்கே பயிராகிக்கொண்டிருந்தது. 1012இல் யாங்சி ஆற்றுப்பகுதியில் மழை பொய்த்தபோது, சோங் பேரரசர் ஜென்சோங் ஃபூஜியனிலிருந்து 30,000 ஹூ (சீன முகத்தல் அளவு) விதைநெல்லை வரவழைத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். எப்படி நாற்றுவிட வேண்டும் என்ற குறிப்பும் கூடவே போனது. விதையோடு அறிவும் போயிற்று, பாருங்கள். மேட்டு நிலத்திலும் நெல் வந்தது. சீக்கிரம் அறுத்துவிட்டு அதே வயலில் இன்னொரு போகம் எடுக்க முடிந்தது.

கிராம்பும் ஜாதிக்காயும் ஏன் வெகுகாலம் ஒரே இடத்தில் இருந்தன?

கிராம்பு இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்காஸின் தெர்னாத்தே, திதோரே முதலிய சில சின்னத் தீவுகளிலும், ஜாதிக்காய் பாந்தாத் தீவுகளிலும் மட்டுமே விளைந்தன. நாம் வாங்கும் கிராம்பு விரியாத மொட்டு, அது முளைக்கவே முளைக்காது. அதன் விதையும் காய்ந்தால் செத்துவிடும்.

இயற்கை போட்ட பூட்டின் மேல் டச்சுக்காரர்கள் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். 1621இல் யான் பீட்டர்சூன் கூன் தலைமையில் பாந்தாத் தீவு மக்கள் கொன்றும் பிடித்தும் விரட்டியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கப்பட்டார்கள். ஏற்றுமதியான ஜாதிக்காயை, வேறெங்கும் முளைத்துவிடாதபடி, சுண்ணாம்பில் தோய்த்தே அனுப்பினார்கள். ஆனாலும் 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் மொரீசியசுக்குக் கடத்தப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கிராம்புக்குப் பேர்போன இடம் சான்சிபார் ஆகிவிட்டது.

நூடுல்ஸை இத்தாலிக்குக் கொண்டுபோனவர் மார்கோ போலோவா?

இல்லை. அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல். 1154இலேயே அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, சிசிலியில் மாவை இழையாக்கிக் காயவைத்துக் கப்பலில் ஏற்றி அனுப்புவதை எழுதிவிட்டார். ஜெனோவா நகரில் 1279இல் எழுதிய ஒரு சொத்துப் பட்டியலில் ஒரு பெட்டி மக்கரோனி இருக்கிறது.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு?

இவை பழைய பாதைகளின் கணக்கில் வராது. மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492க்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தன. ஆனால் வந்தபிறகு அவை ஓடிப் பரவியது பழைய தடங்களில்தான். போர்த்துகீசியர் இறக்கிய மிளகாயைக் கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்கள், தலைமுறை தலைமுறையாக மிளகு விற்ற அதே மாதிரி வணிகர்கள். பெயரைப் பாருங்கள்: மிளகு, காய். மிளகு செய்த வேலையைச் செய்யும் காய்.

சொற்களை வைத்தும் பாதையைக் கண்டுபிடிக்கலாமா?

கவனமாகச் செய்தால் முடியும். இதில் நல்ல எடுத்துக்காட்டு தேயிலை. சீன எழுத்து ஒன்றுதான். பெரும்பாலான பகுதிகளில் அதை 'சா' என்பார்கள், ஃபூஜியன் கரையோரப் பேச்சில் 'தே' என்பார்கள். தரைவழியாகப் பெற்ற பாரசீகம், துருக்கி, ரஷ்யா எல்லாம் 'சாய்' என்கின்றன. ஃபூஜியன் கரையிலிருந்து டச்சுக் கப்பலில் வாங்கிய நாடுகள் 'தே', 'டீ' என்கின்றன. போர்த்துகீசியர் கடல்வழியே போனாலும் 'சா' என்பவர்கள். அவர்கள் வாங்கியது தென்சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்தில். தமிழில் தேயிலை, டீ, சாயா மூன்றும் புழங்குகின்றன.

மேற்கின் மொழிகளில் இஞ்சிக்கு உள்ள பெயர்கள் கிரேக்க 'ஜிங்கிபெரிஸ்' வழி வந்தவை. அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் 'இஞ்சிவேர்' என்பதில் வந்து நிற்கும். மிளகுக்கு அவர்கள் சொல்லும் பெயரோ உண்மையில் திப்பிலியுடையது: 'பிப்பலி' கிரேக்கத்தில் 'பெபெரி' ஆனது. புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் அரபு வணிகர் அதை வாங்கியது இந்தியாவில். அதனால் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. சொல், வாங்கிய சந்தையைக் காட்டும். பிறந்த மண்ணைக் காட்டும் என்ற உறுதி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தரிக்காய். வடமொழியில் 'வாதிங்கண'. பாரசீகத்தில் 'பாதிங்கான்'. அரபியில் 'அல்-பாதின்ஜான்'. ஸ்பெயின் பக்கம் போய் 'அல்பெர்ஜினியா', பிரெஞ்சில் 'ஓபர்ஜின்', போர்த்துகீசில் 'பெரிஞ்செலா'. அந்தப் போர்த்துகீசியர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். இந்தியா முழுக்கக் கத்தரி ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தங்கள் சொல்லால் அழைத்தார்கள். இன்று இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் 'பிரிஞ்சால்' அதுதான்: புறப்பட்ட தோட்டத்துக்கே, ஆயிரம் ஆண்டு சுற்றிவிட்டு, வேறு பெயரில் திரும்பி வந்த காய்.